தென்னை ஈர்க்கும் ரப்பர் பேண்டும்: வீட்டுப் பொருள்களால் பறக்கும் விமானம் செய்யும் முறை

ரப்பர் பேண்டை முறுக்கிப் பறக்கவிடும் விமானம் செய்ய உட்காரும் பிள்ளைகள் அத்தனை பேரும் முதலில் கை வைப்பது இறக்கையில்தான். வண்ணத்தாள் வெட்டி, ஒட்டி, பெயர் எழுதி முடித்த பிறகே மூக்கில் சுற்றும் விசிறியை நினைக்கிறார்கள். அவசரத்தில் செய்த விசிறி கனத்துப்போகும், இல்லையென்றால் அச்சு இறுகி நின்றுவிடும். அழகான இறக்கை அலமாரிக்குப் போய்விடும்.

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டு வளவில், கோடை விடுமுறைதோறும் பிள்ளைகளோடு இதைச் செய்துவருகிறேன். பறக்காமல் போனவற்றில் பெரும்பாலானவை கைவேலை மோசமானதால் கெட்டவை அல்ல, வரிசை மாறியதால் கெட்டவை. விசிறி, உடல், இறக்கை, வால், ரப்பர் என்று போக வேண்டும். அதன்பின் முறுக்கேற்றாமல் சறுக்கவிட்டுப் பார்க்க வேண்டும். முறுக்கு கடைசியில்தான்.

இங்கே தரும் அளவுகள் 40 செ.மீ. இறக்கை கொண்ட விமானத்துக்கானவை. ரப்பரோடு சேர்த்து 20 கிராம் அளவில் நிற்க வேண்டும். பசை காய நேரம் வேண்டும், ஆகவே இரண்டு நாள் வேலை. ஒரே மாலையில் முடிக்கப் பார்த்தால் இறக்கை கோணிக்கொள்ளும்.

1. உட்காருமுன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

இறக்கைக்கும் வாலுக்கும் தென்னை ஈர்க்கு. விளக்குமாற்றிலிருந்து உருவியதில் பாதி வளைந்தும், முனை பொரிந்தும் இருக்கும். முடிந்தால் பழுத்து விழுந்த மட்டையிலிருந்து நீங்களே கிழித்து, நிழலில் இரண்டு நாள் கிடத்திக் காயவையுங்கள். வெயிலில் காயவைத்தால் முறுகி ஒடியும்.

உடலுக்கு மூங்கில். உடைந்த ஒட்டடைக்கம்பு ஒன்று கிடைத்தால் பத்து விமானத்துக்குக் காணும். பிளப்பது பெரியவர்கள் வேலை. இறக்கையின் விலாவுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. மேலே போர்த்தப் பட்டத்தாள். விசிறிக்கு, சுவர் நேராக நிற்கும் வட்டப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, குறுக்களவு 8 முதல் 10 செ.மீ. வரை. பக்கவாட்டில் அழுத்தினால் கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். தண்ணீர் பாட்டில் மெலிந்தது, சுற்றும்போது மடங்கிவிடும்.

பால்மாவு டப்பாவின் தகரம் சிறு துண்டு, பேப்பர் கிளிப் நான்கைந்து, பாசிமணி இரண்டு, ஐஸ் குச்சி ஒன்று, தையல்நூல், ஃபெவிக்கால், உப்புத்தாள், குறடு, கத்தரிக்கோல். ஈர்க்கை நசுங்காமல் நறுக்க வீட்டில் இருக்கும் பாக்குவெட்டியைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. ஆச்சியிடம் கேட்டு வாங்கி, துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரப்பர் பேண்டு புதிதாக இருக்கட்டும். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிய பழசு, வெளியே நன்றாகத் தெரிந்தாலும் முறுக்கும்போது அறுந்துவிடும். அப்புறம் கொஞ்சம் விளக்கெண்ணெய். இதற்குக் காரணம் ஏழாம் படியில் வருகிறது.

வேலை செய்யும் இடம் மட்டமாக இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் வேறு மேசை தேட வேண்டாம். கண்ணாடியின் மேல் வார்த்த கல் என்பதால் முகம் வழவழப்பாக இருக்கும். கல்லும் கல்லும் சேரும் கோடுகள் நேர்க்கோட்டுக்கும் செங்கோணத்துக்கும் அளவுகோலாக உதவும். பசை ஒட்டாமலிருக்க ஒரு பாலித்தீன் தாளை விரித்துக்கொள்ளுங்கள்.

2. விசிறி

விசிறிதான் ரப்பரின் முறுக்கை இழுவிசையாக மாற்றுகிறது. இங்கே தவறினால் வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை. முழு வேலையில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

அட்டையில் 7 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலத்தில் ஓர் இறகு வடிவம் வெட்டுங்கள். ஒரு முனை உருண்டையாகவும், மறு முனை 1 செ.மீ. அகலத்துக்குக் குறுகியும் இருக்கட்டும். குறுகிய முனைதான் அடி.

டப்பாவை நிமிர்த்தி வைத்து, வெளிச்சுவரில் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அடி கீழே, நுனி மேலே இருக்கும்படி அட்டையை அந்தக் கோட்டின்மேல் வைத்து, நுனியை இடப்பக்கம் 2 செ.மீ. அளவுக்குச் சாயுங்கள். ஏறக்குறைய 15 பாகை. அப்படியே வரைந்து வெட்டுங்கள். டப்பாவின் வளைவைச் சாய்வாக வெட்டுவதால் இறகு தானாகவே முறுக்கிக்கொள்ளும். அடியில் செங்குத்தாகவும் நுனியில் படுத்தும் வரும். ஒரே சுற்றில் நுனி அதிக தூரம் போகிறது, அடி குறைந்த தூரம் போகிறது. இரண்டும் காற்றை ஒத்த அளவில் தள்ள அந்த முறுக்கு வேண்டும்.

இரண்டாவது இறகையும் அதே பக்கம் சாய்த்தே வெட்டுங்கள். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் அதிகம் இடறுகிறார்கள். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என்ற நினைப்பில் கண்ணாடியில் பார்த்ததுபோல் எதிர்ப்பக்கமாக வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டினால் ஓர் இறகு காற்றைப் பின்னால் தள்ளும், மற்றது முன்னால் தள்ளும். விமானம் நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும்.

நடுக்கட்டைக்கு 4.5 செ.மீ. நீளமுள்ள சதுர மூங்கில், 5 மி.மீ. தடிப்பு. முதலில் நடுவில் சூடான ஊசியால் துளையிடுங்கள். முனைகளைப் பிளந்த பிறகு துளையிட்டால் கட்டை முழுதும் பிளந்துபோகும். துளை ஆனதும் இரண்டு முனையிலும் 1.2 செ.மீ. ஆழத்துக்கு மூலைவாட்டில் பிளவு. ஒவ்வொரு முனையையும் தனித்தனியே நேருக்கு நேர் பார்த்தால் பிளவு ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இறகின் அடியைப் பிளவில் செருகி, நூலால் சுற்றி, பசை தடவுங்கள். குழிந்த முகம் வாலைப் பார்க்க வேண்டும், புடைத்த முகம் முன்னே.

காயுமுன் ஒரு சோதனை. விசிறியை முன்னிருந்து பாருங்கள். மேலே நிற்கும் இறகின் இடது ஓரம் உங்கள் பக்கமாக முன்னால் வந்திருக்க வேண்டும். பாதி சுற்றி மற்ற இறகை மேலே கொண்டுவாருங்கள். அதிலும் இடது ஓரமே முன்னால் வந்தால் சரி. மாறியிருந்தால் இப்போதே திருப்புங்கள்.

காய்ந்ததும் துளையில் ஊசியை விட்டு ஆடவிடுங்கள். எந்த இறகு எப்போதும் கீழே போய் நிற்கிறதோ அதன் நுனியை உப்புத்தாளால் தேய்த்துக் குறையுங்கள். எங்கு நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும்வரை தேய்க்க வேண்டும். சமன் இல்லாத விசிறி குலுங்கும். குலுக்கலில் முறுக்கின் பலம் வீணாகும், அச்சைப் பிடித்திருக்கும் தாங்கியும் தளரும்.

3. தாங்கியும் அச்சும்

தகரத்தில் 6 மி.மீ. அகலம், 32 மி.மீ. நீளம் வெட்டி எடுங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும், உப்புத்தாளால் மழுக்கிவிட்டு அப்புறம் தொடுங்கள். அதை ‘ப’ எழுத்துபோல் மடியுங்கள். நடு 12 மி.மீ., இரண்டு காலும் 10 மி.மீ.

மடிக்குமுன்பே இரண்டு காலுக்கும் துளையிட்டால் மடித்தபின் துளைகள் நேருக்கு நேர் வருவதில்லை. மடித்துவிட்டு, காலிடுக்கில் ஒரு மரத்துண்டை வைத்து, ஊசியால் இரண்டையும் ஒரே நேரில் துளையுங்கள். மடித்த இடத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி இருக்கட்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் முறுக்கேறிய ரப்பரின் முண்டு முடிச்சுகள் உடல்குச்சியில் உரசும்.

பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி ஒரு முனையில் கொக்கி வளையுங்கள். கொக்கி வட்டத்தின் நடு, கம்பியின் நேர்கோட்டிலேயே அமைய வேண்டும். ஒரு பக்கமாகத் தள்ளி நின்றால் விசிறி நொண்டும். கம்பியைத் தாங்கியின் பின்காலில் விட்டு, முன்காலில் எடுத்து, இரண்டு பாசிமணி கோத்து, விசிறியின் துளையில் விட்டு, முனையை மடித்துக் கட்டையோடு சேர்த்து நூல் சுற்றி ஒட்டுங்கள். பசை மணியில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். ரப்பர் அச்சைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். மணி இல்லையென்றால் மூங்கில் கட்டை தகரத்தில் அழுந்தி நின்றுவிடும். வழவழப்பான மணி அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு வழுக்கும். விசிறியை ஊதிப் பாருங்கள், ஒரே மூச்சில் நாலைந்து சுற்று சுற்ற வேண்டும்.

4. உடல்குச்சி

35 செ.மீ. நீளம், 6 மி.மீ. உயரம், 4 மி.மீ. அகலத்தில் மூங்கில் சீவுங்கள். மூங்கிலின் வெளித்தோல் மேற்பக்கம் இருக்கட்டும். ரப்பர் கீழிருந்து இரு முனையையும் இழுக்கும்போது குச்சியின் நடு மேல்நோக்கி வில்லாக வளையப் பார்க்கும். அப்போது இழுபடுவது மேல்முகம். இழுவையை நன்றாகத் தாங்குவது தோல்.

தாங்கியைக் குச்சியின் முன்முனைக்குக் கீழே நூலால் இறுக்கிக் கட்டுங்கள். கால்கள் தொங்கட்டும். இப்போது ஃபெவிக்கால் போட வேண்டாம். பிறகு மூக்கைச் சாய்க்க வேண்டிவரும், ஒட்டிவிட்டால் முடியாது. முன்முனையிலிருந்து 23 செ.மீ. தள்ளி, கீழ்ப்பக்கம் இன்னொரு கொக்கி. இதற்குப் பசை போடலாம். கொக்கியின் வாய் வாலைப் பார்த்திருக்க வேண்டும், முன்னே பார்த்தால் ரப்பர் கழன்றுவிடும்.

5. இறக்கை

ஈர்க்கு அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கும். இதைக் கவனிக்காமல் கையில் வந்ததை வைத்துக் கட்டினால் ஒரு பக்க இறக்கை கனத்து, விமானம் எப்போதும் அந்தப் பக்கமே விழும். ஒரே தடிப்புள்ள ஈர்க்குகளை இணை இணையாகப் பிரித்து, தடித்த முனைகள் நடுவிலும் மெலிந்த முனைகள் ஓரத்திலும் வரும்படி வையுங்கள். பலம் வேண்டியது நடுவில்தான்.

இரண்டு பாதிகளையும் தனித்தனியே செய்யுங்கள். ஒரு பாதிக்கு 20 செ.மீ. ஈர்க்கு மூன்று. ஒன்று முன்னோரம், ஒன்று பின்னோரம், மூன்றாவது முன்னோரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி விலாக்களின் அடியில் போகும். முன்னுக்கும் பின்னுக்கும் இடையே 10 செ.மீ.

பத்திரிகை அட்டையில் விலாக்கள் வெட்டுங்கள். வில்போல வளைந்த பட்டை, நீளம் 10 செ.மீ., பட்டையின் அகலம் 5 மி.மீ., வளைவின் உச்சம் 6 மி.மீ. உச்சம் முன்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கட்டும். இரண்டு முனையிலும் ஈர்க்கைச் சுற்றி ஒட்ட 5 மி.மீ. காது விடுங்கள். ஒரு பாதிக்கு நான்கு, மொத்தம் எட்டு. எட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கத்தரித்துச் சமமாக்குங்கள். தட்டையான தாளும் பறக்கும். ஆனால் இந்தச் சிறு வளைவு இருந்தால் மெதுவாகப் போகும்போதும் தூக்கும். நம் விமானத்துக்கு வேகம் குறைவு என்பதால் இந்த உழைப்புக்குப் பலன் கண்ணில் தெரியும்.

தரைக்கோட்டை ஒட்டி முன்னோரத்தை வைத்து, விலாக்களை நிமிர்த்தி ஒட்டுங்கள். பசை மிகக் கொஞ்சம். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு துளி கூடினால், இருபது முடிச்சில் ஒரு கிராம் கூடிவிடும்.

நன்றாகக் காய்ந்த பிறகு தாள். ஃபெவிக்காலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சட்டத்தின் மேல் மட்டும் தடவி, தாளைப் பரப்பி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல நீவுங்கள். சோற்றுப்பசையும் மைதாப் பசையும் ஒட்டும்தான். ஆனால் ஈரம் அதிகம். தாள் நனைந்து விரிந்து, காயும்போது சுருங்கிச் சட்டத்தையே இழுத்துக் கோணலாக்கும். எந்தப் பசையானாலும் முன்னோரத்திலும் பின்னோரத்திலும் புத்தகங்களை அடுக்கி, தரையோடு அழுத்தி வைத்துக் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டிய இடம் இது. பாதி காய்ந்து எடுத்த இறக்கையை மறுபடி நிமிர்த்த முடிவதில்லை.

அடுத்து இரண்டையும் சேர்ப்பது. ஒரு பாதி தரையில் படிந்திருக்க, மறு பாதியின் ஓரத்தை 8 செ.மீ. உயரமுள்ள ஒரு டம்ளரின் மேல் வையுங்கள். நடு விலாக்கள் இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டி, பேப்பர் கிளிப் கம்பியை அந்தக் கோணத்துக்கு வளைத்து முன்னோரத்திலும் பின்னோரத்திலும் அணைகொடுத்து நூல் சுற்றுங்கள். முடிந்தபின் ஒவ்வொரு ஓரமும் நடுவைவிட 4 செ.மீ. உயர்ந்து நிற்கும். இந்த மடிப்பு அழகுக்கு வைத்ததில்லை. விமானம் ஒரு பக்கம் சரிந்து வழுக்கும்போது தாழ்ந்த இறக்கைக்குக் காற்று சற்று அதிகமாக மேலே அழுத்தும், சரிவு நேராகும். ஓட்ட ஆள் இல்லாத விமானத்துக்கு இது இல்லாமல் முடியாது. மடிப்பே இல்லாமல் செய்தவர்களின் விமானம் முதல் திருப்பத்திலேயே புரண்டு விழும்.

நடு விலாவின் அடியில் ஐஸ் குச்சியை நீளவாக்கில் ஒட்டி, முன்பக்கம் மட்டும் தீக்குச்சித் துண்டு கொடுத்து, முன்னோரம் பின்னோரத்தைவிட 3 மி.மீ. உயரும்படி செய்யுங்கள். இந்தக் குச்சியை உடலின் மேல் வைத்து ரப்பர் பேண்டால் கட்டப்போகிறோம். ஒட்டிவிடாதீர்கள். முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய இறக்கைதான் இந்த விமானத்தைப் பறக்கவைக்கும்.

6. வால்

படுக்கைவால் 18 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளம். நிற்கும் வால் 7 செ.மீ. உயரம், 6 செ.மீ. நீளம். இருக்கும் ஈர்க்கிலேயே மெலிந்ததை எடுத்து, வளைவு இல்லாமல் தட்டையாகச் சட்டம் கட்டித் தாள் ஒட்டுங்கள். வாலில் கூடும் ஒரு கிராமுக்கு மூக்கில் இரண்டு மூன்று கிராம் சேர்க்க வேண்டிவரும், அதனால் இங்கே கஞ்சத்தனம் நல்லது. நிற்கும் வாலின் பின்னோரத்தில் 1 செ.மீ. அகலத்துக்குத் தாளை நீட்டி விடுங்கள், பிறகு மடக்கித் திருப்பத்தைச் சரிசெய்யலாம்.

குச்சியின் பின்முனையில் இரண்டையும் ஒட்டுங்கள். முன்னிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். படுக்கைவால், நேராக வைத்த இறக்கையின் நடுவோடு இணையாகத் தெரிய வேண்டும்.

7. ரப்பர்

புது ரப்பர் பேண்டுகளின் மேல் தூசும் மாவும் இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து இழுத்துச் சங்கிலியாக்குங்கள். இழுக்காமல் கிடக்கும்போது சங்கிலி இரண்டு கொக்கிகளுக்கு இடையிலான தூரத்தைவிடக் கொஞ்சம் நீண்டிருக்கலாம். விறைப்பாகக் குட்டையாக மாட்டினால் குச்சி வளையும், சுற்றும் குறைவாகவே ஏறும். நீளம் கூடக்கூடச் சுற்று அதிகம் ஏறும். தடிப்புக் கூடினால் பலம் கூடும், ஆனால் முறுக்கு சீக்கிரம் அவிழ்ந்து தீரும். முதலில் ஒரு சங்கிலி. உயரம் பிடிக்காவிட்டால் இரண்டாவதையும் பக்கத்தில் சேருங்கள்.

மாட்டுமுன் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு ரப்பர் முழுதும் தேய்த்து, மிஞ்சியதைத் துணியால் துடையுங்கள். முறுக்கேறும்போது இழைகள் ஒன்றோடொன்று உரசித்தான் அறுகின்றன. எண்ணெய் இருந்தால் வழுக்கும், சுற்றும் கூடுதலாக ஏறும். கையருகே இருக்கிறதென்று தேங்காயெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ போடாதீர்கள், அவை இயற்கை ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைத்துத் தளர்த்திவிடும். விளக்கெண்ணெய் அப்படிச் செய்வதில்லை.

சைக்கிள் டியூபை நறுக்கி மாட்டிப் பார்க்காத பிள்ளை இல்லை. பெரும்பாலான டியூபுகள் பியூட்டைல் ரப்பர். காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் இழுத்துவிட்டால் சோம்பலாகத்தான் திரும்பும். நமக்கு வேண்டியது துள்ளித் திரும்பும் ரப்பர்.

ஒரு சங்கிலியைப் பலி கொடுத்துவிடுங்கள். விமானத்தில் இல்லாமல், ஒரு முனையைக் கதவுக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைக் கம்பிக் கொக்கியால் எண்ணிக்கொண்டே முறுக்குங்கள், அறும்வரை. முகத்தை விலக்கி வையுங்கள், கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். 300-ல் அறுந்தால் உங்கள் எல்லை 220. எண்ணாமல் கையின் உணர்வை நம்பி முறுக்கினால், காற்றில்லாத நல்ல காலையில் ரப்பர் அறுந்து, தெறித்து, இறக்கைத் தாளையும் கிழித்துவிடும்.

8. எடையின் நடுப்புள்ளி

விசிறி, ரப்பர், வால் எல்லாம் மாட்டிய பிறகு இறக்கையைக் கட்டுங்கள். இரண்டு சுட்டுவிரல் நுனியால் இறக்கையின் அடியில், முன்னோரத்திலிருந்து 3.3 செ.மீ. தள்ளித் தாங்கிப் பிடியுங்கள். விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் தொங்கினால் இறக்கையைப் பின்னால் நகர்த்துங்கள். மூக்கு தொங்கினால் முன்னால்.

இது பலருக்கும் தலைகீழாகத்தான் தோன்றும். “அண்ணே, வால் கனமா இருக்கு, எறக்கைய முன்னாடி தள்ளுனா மூக்குக்கு எடை வருமில்ல?” என்று கேட்டான் ஒரு பையன். இறக்கைக்கு எடை கொஞ்சம்தான். அது தூக்குகிற இடம்தான் கணக்கு. தூக்குகிற இடத்தைப் பின்னால் கொண்டுபோனால், அதற்கு முன்னால் இருக்கும் உடலின் பங்கு கூடி மூக்கு கனக்கும். தராசைத் தாங்கிப் பிடிக்கும் இடத்தை நகர்த்துவதுபோல என்று சொன்னதும் புரிந்துகொண்டான்.

இறக்கையை எவ்வளவு நகர்த்தியும் வால் தொங்கினால் மூக்கில் களிமண் உருண்டை ஒட்டுங்கள். இந்த வேலையை விட்டுவிட்டு முறுக்கேற்றி வீசிப் பார்ப்பவர்கள்தான் ஒரே நாளில் விமானத்தை உடைத்துக்கொண்டு வருகிறார்கள்.

9. முறுக்காமல் சறுக்கவிடுதல்

இடமும் நேரமும் முக்கியம். 20 கிராம் விமானத்துக்கு நாம் உணராத காற்றே பெருங்காற்று. ஆடி மாதத்தில் இதைத் தொடவே வேண்டாம். மாசியிலிருந்து சித்திரைவரை, விடிந்து ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம். மார்கழியிலும் காற்று அடங்கியிருக்கும். ஆனால் பனியில் தாள் தொய்ந்து இறக்கை கோணும், வெயில் ஏறியபின் எடுத்துப்போங்கள். தண்ணீர் வற்றிய கண்மாய் அல்லது ஊருணித் தரையில் காய்ந்த புல் உள்ள பக்கம் பாருங்கள். சரளைமண்ணில் விசிறி உடையும். சீமைக்கருவேலம் ஓரத்தில் நிற்கும் இடங்களை விட்டு விலகி நில்லுங்கள், முள்ளில் மாட்டிய தாள் இறக்கை திரும்ப வராது.

தோள் உயரத்தில், உடலை இறக்கைக்குக் கீழே பிடித்து, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, எறியாமல், நடக்கும் வேகத்தில் தள்ளிவிடுங்கள். நன்றாக அமைந்த விமானம் மெல்ல இறங்கி 15 முதல் 20 அடி தூரத்தில் வயிற்றில் அமரும். பந்தை எறிவதுபோல் எறிந்தால் எந்த விமானமும் மேலே எழும்பி விழும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

மூக்கைத் தூக்கி, ஒரு நொடி நின்று, பொத்தென்று விழுந்தால் இறக்கையை 3 மி.மீ. பின்னால் தள்ளுங்கள். நேராகத் தரையைப் பார்த்துப் பாய்ந்தால் 3 மி.மீ. முன்னால். ஒரு பக்கமே திரும்பி விழுந்தால், திரும்பும் பக்க இறக்கை கோணியிருக்கும். அதன் பின்னோரம் மேலே சுருண்டிருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். இட்லிச் சட்டி ஆவியில் சில நொடி காட்டி, எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்து, ஆறும்வரை விடாமல் வைத்தால் சரியாகும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இறக்கையை நகர்த்தி, வாலையும் மடக்கி, களிமண்ணும் ஒட்டினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமலே போகும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மூன்று முறை விட்டுப் பாருங்கள். சறுக்கல் திருப்தியானதும் இறக்கை நின்ற இடத்தில் உடல்குச்சியில் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள்.

10. முறுக்கேற்றிப் பறக்கவிடுதல்

முன்னிருந்து பார்த்தபடி, கடிகாரம் சுற்றும் பக்கமாக விசிறியை விரலால் சுற்றுங்கள். முதல் முறை 60 சுற்றுப் போதும். விசிறிக்குப் பின்னால் கன்னத்தை வைத்து ஒருமுறை விட்டுப் பாருங்கள், காற்று கன்னத்தில் பட வேண்டும்.

பிறகு ஒரு கையால் விசிறியையும் மறு கையால் உடலையும் பிடித்து, மட்டமாக நிறுத்தி, முதலில் விசிறியை விட்டு, அரை நொடி கழித்து உடலை மெல்லத் தள்ளுங்கள். வானத்தைப் பார்த்து விடாதீர்கள். ஏறுவது விசிறியின் வேலை.

இனி வரும் குறைகளைப் பிரித்துப் பார்க்கும் விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சறுக்கும்போதே தெரிந்த குறைக்கு மருந்து இறக்கையில். சறுக்கல் நன்றாக இருந்து, முறுக்கு இருக்கும்போது மட்டும் தெரியும் குறைக்கு மருந்து மூக்கில். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நன்றாகச் சறுக்கிய இறக்கையை நகர்த்திக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முறுக்கின் தொடக்கத்தில் மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால், தாங்கியின் முன்பக்கத்துக்கும் குச்சிக்கும் இடையே தீக்குச்சிச் சீவல் ஒன்றைச் செருகுங்கள். அச்சு சற்றுக் கீழ்நோக்கும். அதற்காகத்தான் ஒட்டாமல் கட்டச் சொன்னேன்.

விசிறி ஒரு பக்கம் சுற்ற, விமானம் எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கும். நம் விசிறிக்கு அது இடப்பக்கம். அகலமான வட்டத்தில் இடப்பக்கம் திரும்பி ஏறினால் நல்லதுதான், அப்படியே விடுங்கள். வட்டம் இறுகித் தரையை நோக்கித் திருகினால், தாங்கியின் மூக்கை வாலிலிருந்து பார்க்க வலப்பக்கம் மயிரிழை திருப்புங்கள். மேலே சொன்ன விதிக்கு விலக்காக, இடது இறக்கையின் பின்னோரத்தை ஆவியில் காட்டி 3 மி.மீ. கீழே இறக்கினாலும் உதவும்.

சரியானதும் 100, 140, 180 என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் மூக்கைச் சற்றுத் திருத்த வேண்டிவரலாம், முறுக்குக் கூடினால் புரட்டலும் கூடும். எங்கள் பிள்ளைகளின் முதல் விமானங்கள் எட்டு முதல் பன்னிரண்டு நொடி பறக்கும். அந்தப் பன்னிரண்டு நொடியும் கண்மாய்க் கரையில் யாரும் மூச்சுவிடுவதில்லை.

எல்லைவரை முறுக்க, ஒருவர் விமானத்தின் மூக்கையும் விசிறியையும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ரப்பரைப் பின்கொக்கியிலிருந்து கழற்றி மூன்று மடங்கு நீளத்துக்கு இழுத்து முறுக்க வேண்டும். பாதிச் சுற்றுகளை இழுத்த நிலையிலேயே ஏற்றி, மீதியை மெல்ல முன்னால் வந்துகொண்டே ஏற்றுங்கள். முறுக்கு ரப்பர் முழுதும் சீராகப் பரவும், ஓரிடத்தில் முண்டு கட்டாது. கையால் சுற்றும் பல்சக்கரத் துளைக்கருவி இருந்தால் எண்ணுவதும் எளிது. கைப்பிடி ஒரு சுற்றுக்கு முனை எத்தனை சுற்றுகிறது என்று முன்பே எண்ணிக்கொள்ளுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய பொருள் கடைகளில் தேடினால் அப்படி ஒன்று அகப்படலாம்.

11. வீட்டுக்கு வந்தபின்

ரப்பரைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் குச்சி நாளடைவில் வளைந்துகொள்ளும். எண்ணெயைக் கழுவி, உலர்த்தி, முகப்பவுடர் தூவி, மூடியுள்ள டப்பாவில் இருட்டாக வையுங்கள். நம் ஊர் வெயிலும் வெளிச்சமும் ரப்பரைச் சீக்கிரம் பொரியவைக்கும். ஒரு பகல் ஜன்னலோரம் கிடந்த சங்கிலியை நம்பாதீர்கள்.

விமானத்தை இறக்கை வேறு, உடல் வேறாகப் பிரித்து, இறக்கையைத் தரையில் கிடத்தாமல் நூலில் தொங்கவிடுங்கள். கிழிசலுக்கு அதே தாளில் சிறு ஒட்டு, அதுவும் தண்ணீர் கலந்த பசையில். அடுத்த முறை ரப்பரை மாட்டுமுன் ஒவ்வொரு வளையமாக இழுத்து விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் சிறு கீறல் தட்டுப்பட்டால் அந்த ஒரு வளையத்தை மாற்றினால் போதும், சங்கிலி முழுவதையும் எறிய வேண்டாம்.